முதலில் கறுப்பு, பிறகு சாம்பல்

புருஷன் போனதிலிருந்து அவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை என்பதுதான் ஆபீஸ் முழுக்கப் பேச்சு. வேலைக்குத் திரும்பிய அன்று வாசல் காவலாளியில் தொடங்கி இயக்குநர் வரைக்கும் ஒவ்வொருவராக வந்து, "அழுதுடுங்க, மனசுக்குள்ளேயே வெச்சுக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவளும் தலையாட்டி வைத்தாள். உள்ளே ஏதாவது இருந்தால்தானே வெளியே விட? பல் பிடுங்க ஊசி போட்டபின் உதட்டைத் தொட்டால் அது வேறு யாருடைய உதடோ மாதிரி இருக்குமே, அப்படி இருந்தது அவளுக்கு. உதடு மட்டுமில்லை, முழு ஆளும்.

அவளும் நிலவியல்காரி, அவனும் நிலவியல்காரன். ஒரே ஆய்வுக்கூடம். அவன் பெயர் பெற்றவன். மேடையேறினால் மைக் தேவைப்படாத குரல், எதிர்த்துப் பேசினால் மேஜையைக் குத்துகிற கை. அவளுடைய இடம் பின்னால் இருக்கும் கிடங்கு. பூமியைத் துளை போட்டு எடுத்த பாறை உருளைகள், மணிக்கட்டுப் பருமனில், நீளப் பெட்டிகளில் படுத்து, கூரை வரைக்கும் அடுக்கியிருக்கும். கடல் இருந்து வற்றிய இடம், ஆறு ஓடி மறந்த இடம், எரிமலை கக்கிய இடம் எல்லாம் அங்கே தூசி படிந்து கிடந்தன. எந்த ஆழத்துக் கல் எந்தப் பெட்டியில் என்று அவளைக் கேட்டால் தூக்கத்திலும் சொல்லுவாள்.

ஒரு காலை குளியலறையில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. கதவைத் தட்டினாள், தள்ளினாள், அவ்வளவுதான். அவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது. மாரடைப்பு என்றார்கள்.

செய்தி கேட்டு வந்த நாத்தனார் திரும்பிப் போகவில்லை. இரண்டு பைகளோடு வந்திறங்கியவள், "அண்ணி வாய்விட்டு அழுற வரைக்கும் நான் இந்த வீட்டை விட்டு நகர மாட்டேன்" என்று சபதம் போட்டிருந்தாள். சமைத்தாள், துடைத்தாள், அண்ணன் சட்டை ஒன்றைப் பார்த்தாலும் ஓவென்று அழுதாள். மூக்கைச் சிந்திவிட்டு, "சரி விடுங்க, உங்க பங்கையும் சேர்த்து நானே அழுதுட்டுப் போறேன்" என்பாள். அவள் தட்டைக் கழுவி வைப்பாள். சோற்றில் உப்பு இருந்ததா இல்லையா என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

இப்படி இருக்கையில்தான் கிடங்கில் ஒரு தட்டடுக்கு சாய்ந்தது.

பல நாளாகக் கால் துருப்பிடித்திருந்த அடுக்கு. எல்லோரும் சாப்பிடப் போயிருந்த நேரம் பார்த்து, இடி விழுந்த மாதிரி ஒரு சத்தம். நல்லவேளை, யாருக்கும் அடி இல்லை. ஓடி வந்து பார்த்தால், பெட்டிகள் பிளந்து, உருளைகள் உடைந்து, கோடி வருஷத்துக்கு முந்தியதும் பிந்தியதும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சிமென்ட் தரையில் சிதறிக் கிடக்கின்றன. அதுவும் எந்தத் துளையின் பெட்டிகள்? அவன் பெயரை ஊரெல்லாம் பரப்பிய அந்த ஒரே துளை.

அந்தத் துளையின் கதையைச் சொல்லாவிட்டால் நடந்தது புரியாது.

கீழே கிடப்பது பழசு, மேலே கிடப்பது புதுசு. இந்த ஒரு விதியைப் பிடித்துக்கொண்டுதான் நிலவியல்காரர்கள் யாரும் கண்ணால் பார்க்காத காலத்தைப் பேசுகிறார்கள். சேறு படியும், அதில் சிப்பி புதையும், அதன்மேல் இன்னொரு சேறு படியும். வரிசை தெரிந்தால் கதை தெரிந்தது. வரிசை போனால் எல்லாம் வெறும் கல். அந்தத் துளையில் ஒரு பழைய கடலின் சேறு இருந்தது. அடியில் பெரிய பெரிய சிப்பிகள், கொழுத்த வாழ்க்கை. திடீரென்று ஓரிடத்தில் அவை நின்றுபோகின்றன. அதை ஒட்டி மேலே விரல் தடிமனில் எரிமலைச் சாம்பல். அதற்கும் மேலே ஆளை விழுங்குகிற கறுப்பில் ஒரு படிவு. மூச்சுக் காற்றில்லாத கடலடியில்தான் அப்படிக் கறுக்கும். ஆகவே அவன் சொன்னான்: மலை வெடித்தது, சாம்பல் பொழிந்தது, கடல் மூச்சுமுட்டிச் செத்தது. சாம்பலில் கடுகைவிடச் சின்ன மணிகளைப் பொறுக்கி, அதற்குள் யுரேனியம் எவ்வளவு ஈயமாக மாறியிருக்கிறது என்று அளந்து, வெடித்த காலத்தையும் சொன்னான். இந்தப் படிவுகளை அந்த வட்டாரத்தில் வேறெங்கும் மழையும் ஆறும் மிச்சம் வைக்கவில்லை. இருப்பது இந்த ஒரு துளை. மற்ற துளைகளில் செய்வதுபோல் உள்ளே கருவி இறக்கி அளப்பதற்கு முன்பே அதுவும் இடிந்து மூடிக்கொண்டது. வெளியே வந்த உருளைகள்தான் சாட்சி.

இதை ஒப்புக்கொள்ளாதவர் ஒருவர் இருந்தார். அவனுக்கு மூத்தவர். எந்தக் கூட்டத்திலும் "ஆனா..." என்றுதான் எழுந்திருப்பார்; அதனால் ஆனாசார் என்றே பெயர் நிலைத்துவிட்டது. கடல் அதுவாகவே, மெள்ள மெள்ளச் செத்தது என்பது அவர் கட்சி. சான்று காட்ட முடியவில்லை. மேஜைக் குத்தில் அவர் குரல் அமுங்கிப்போனது. ரிட்டையராகி வீட்டோடு இருந்தார். இருவருக்கும் பேச்சுவார்த்தை நின்று வெகு காலம்.

மாதக் கடைசியில் அவனுக்கு நினைவுக் கூட்டம் ஏற்பாடாகியிருந்தது. அந்தச் சாம்பல் படிவுக்கே அவன் பெயரை வைப்பதாக அறிவிக்கப் போகிறார்கள். அதற்குள் தரையில் கிடப்பதை அடுக்கியாக வேண்டும்.

அவளோடு கூழாங்கல் சேர்ந்துகொண்டான். அவளுக்குக் கீழே வேலை பார்ப்பவன், வழுக்கைத் தலை. அந்தப் பெயரை வைத்ததே அவள் புருஷன்தான். இருவரும் தரையில் கோணிகளை விரித்து உட்கார்ந்து சேர்த்தார்கள். உடைந்த முனைக்கு உடைந்த முனை பொருந்துகிறதா, மண்ணின் நிறம் ஒத்துப்போகிறதா, ஒரே புழுப்பொந்து இரண்டு துண்டிலும் தொடர்கிறதா என்று பார்த்துப் பார்த்துச் சேர்க்க வேண்டும். உதவிக்கு ஒவ்வொரு உருளையிலும் நீளவாக்கில் இரண்டு கோடு உண்டு. துளையிலிருந்து எடுத்த உடனே போடுவது. மேல்முனையை மேலே பார்த்துப் பிடித்தால் சிவப்புக் கோடு வலது பக்கம், நீலம் இடது பக்கம். கல்லுக்குத் தலை எது கால் எது என்று பிறகு குழப்பம் வராது. இந்தத் துளையின் கோடுகள் எல்லாம் அவன் போட்டவை. அழுத்தி அழுத்திப் போட்டு, முனையில் மை கசிந்திருக்கும்.

நாள் முழுக்க உட்கார்ந்து எழுந்ததில் அவளுக்கு முழங்கால் விண்ணென்று வலித்தது. அந்த வலி மட்டும் அவளுடையதாக இருந்தது. நன்றாகத்தான் இருந்தது என்றுகூடச் சொல்லலாம்.

"அக்கா, வீட்டுக்குப் போகலாமே" என்பான் கூழாங்கல்.

"இந்த ஈட்டை முடிச்சுட்டுப் போலாம்."

துளைக்குழாய் ஒரு தடவை இறங்கி ஏறினால் ஒரே முறையில் வரும் உருளையைத்தான் ஈடு என்றாள். ஓர் ஈட்டுக்கும் அடுத்த ஈட்டுக்கும் நடுவே கொஞ்சம் பாறையைத் துளைப்பான் அரைத்துத் தின்றுவிடும். அங்கே முனையோடு முனை பொருந்தாது. அதனால்தான் கோடுகள் இல்லாமல் முடியாது.

பெரிய சிப்பிகள் கீழ் ஈட்டோடு முடிந்துவிடும்; அதற்கு மேல் சாம்பலும் கறுப்பும் இருந்தது ஒரே ஈட்டில். அரிய சரக்கு என்று யாரும் அறுக்காமல், உரசாமல், பொத்திப் பொத்தி வைத்திருந்த உருளை. விழுந்த வேகத்தில் அதன் ஒரு துண்டு நெடுக்காகப் பிளந்திருந்தது. உட்பக்கத்தை முதல்முறையாக வெளிச்சம் பார்த்தது. வழக்கம்போலத் தண்ணீர் தொட்டுத் துடைத்து, லென்ஸைக் கண்ணில் வைத்தாள்.

சின்னச் சிப்பி ஒன்று. எந்தக் காலத்திலும் எதையும் தாங்கிப் பிழைக்கிற வகை, கறுப்பிலும் உண்டு. மூடிய சிப்பிக்குள் விரிசல் வழியாகச் சேறு நுழைந்தால், டம்ளரில் வண்டல் தங்குவதுபோல் அடிப்பக்கம்தான் தங்கும். மேலே காலியாக இருக்கும் இடத்தில் வெகுகாலம் கழித்துப் பளிங்கு வளரும். பாதி சேறு, பாதி பளிங்கு. கொத்தனாரின் ரசமட்டம் மாதிரி, எது மேல் எது கீழ் என்று அது காட்டிக் கொடுத்துவிடும்.

இந்தச் சிப்பியில் பளிங்கு கீழே இருந்தது. சேறு மேலே.

அவள் கோடுகளைப் பார்த்தாள். சிவப்பு வலது பக்கம்தான். மறுபடி சிப்பியைப் பார்த்தாள்.

"இங்க வந்து பாரு."

கூழாங்கல் குனிந்து பார்த்தான். "உருண்டிருக்கும் அக்கா. செத்துப் புதைஞ்ச பிறகு ஒரு புரட்டு புரண்டிருக்கும்."

"ஒண்ணு உருளும். எல்லாமா உருளும்?"

பிளந்த முகத்தில் மற்றவற்றையும் தேடினார்கள். எல்லாச் சிப்பியும் ஒரே மாதிரி தலைகீழாக நின்றன. புழுக்கள் போட்ட பொந்துகளும் கீழேயிருந்து மேலே போயிருந்தன. எந்தப் புழுவும் கடலடிச் சேற்றில் அப்படிப் போகாது. அந்த ஓர் ஈடு மட்டும், குழாயிலிருந்து தட்டுக்கு மாற்றும்போது, தலைமாடு கால்மாடாகத் திரும்பியிருக்கிறது. திரும்பியது தெரியாமல் அவன் கோடு போட்டிருக்கிறான். நேராக வைத்தால் என்ன ஆகும்? பெரிய சிப்பிகள் நின்ற இடத்தை ஒட்டி வருவது கறுப்பு. சாம்பல் எங்கோ மேலே, வெகுகாலம் கழித்து. கடல் சாகும்போது மலை வெடிக்கவே இல்லை. மலை வெடித்தது பிணத்தின் மேல்.

கூழாங்கல்லின் முகம் பேயறைந்த மாதிரி ஆயிற்று. வாசலைத் திரும்பிப் பார்த்தான். குரலைத் தணித்துக்கொண்டு, "பசை இருக்கு அக்கா. ஒட்டிடலாம். ஒட்டி உள்ளே வெச்சுட்டா யார் பிளந்து பாக்கப் போறாங்க?" என்றான்.

"ஒட்டத்தான் வேணும். எப்படி ஒட்டறது? கோடு சொல்ற மாதிரியா, சிப்பி சொல்ற மாதிரியா?"

அவன் எழுந்து வெளியே போய், வெயிலில் நின்ற பாரத்தூக்கி வண்டியின் படியில் உட்கார்ந்துகொண்டான்.

அவள் காத்திருந்து பார்த்தாள். இப்போதாவது ஏதாவது வரும் என்று. கோபம், பயம், அவன்மேல் இரக்கம், எது வந்தாலும் சரி. ஒன்றும் வரவில்லை. கைகழுவப் போனபோது குழாயில் தண்ணீர் இல்லை என்பதுதான் மனதில் பதிந்தது.

விடுமுறை நாளில் நாத்தனார் கட்டில் முழுக்க அண்ணன் போட்டோக்களைப் பரப்பியிருந்தாள். "கூட்டத்துக்கு எதை வைக்கலாம் அண்ணி? இதுல மூக்குக் கண்ணாடி பளபளங்குது. இதுல சிரிக்கிறார், ஆனா பக்கத்துல எவனோ நிக்கறான்."

"அந்தக் கூட்டத்துல நான் ஒண்ணு சொல்ல வேண்டியிருக்கு" என்று அவள் ஆரம்பித்தாள். கல், கோடு, சிப்பி எல்லாம் சொன்னாள். நாத்தனார் விழித்தாள். பக்கத்தில் நாத்தனார் மடித்து அடுக்கிய துணிகள் இருந்தன. அவள் அவற்றைக் காட்டி, "இதுல எதை முதல்ல மடிச்சே?" என்றாள்.

"அடியில இருக்கறதை."

அவள் அடுக்கை இரண்டு கையாலும் பிடித்து அப்படியே கவிழ்த்து வைத்தாள். "இப்போ வர்றவங்க பாத்தா?"

நாத்தனார் துணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். புரிந்ததும் முகம் சிவந்தது. "அப்ப அண்ணன் பொய் சொன்னார்ங்கறீங்களா?"

"பொய் இல்ல. கல்லு கவிழ்ந்திருந்தது. அவருக்குத் தெரியாது."

"அவருக்குத் தெரியாதது ஊருக்கும் தெரியாமப் போகட்டுமே! எழுந்து வந்து பதில் சொல்ல முடியுமா அவரால?"

"முடியாது."

"அப்புறம்?"

அவள், சொல்லாமலிருக்க ஒரு காரணம் வேண்டுமே என்று தேடிப் பார்த்தாள். மனதுக்குள் கை விட்ட இடமெல்லாம் வெறுமையாக இருந்தது.

"கல்லோட பழகிப் பழகிக் கல்லாவே ஆயிட்டீங்க அண்ணி" என்றாள் நாத்தனார். இந்தத் தடவை அழவில்லை. இரண்டு பைகளையும் கட்டிக்கொண்டு சாயங்கால பஸ்ஸைப் பிடித்துவிட்டாள். சபதம் பாதியில் நின்றது.

மறுநாள் அவள் ஆனாசாருக்குப் போன் செய்தாள். யார் பேசுவது, எதற்கு என்று சொன்னாள். "வரேன்மா" என்றார்.

சட்டைப் பையில் சொந்த லென்ஸோடு வந்தார். இளைத்திருந்தார். அந்தத் துண்டை ஜன்னலோரம் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார், கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தார். கூழாங்கல் கைகட்டிக்கொண்டு மூலையில் நின்றான்; மனிதர் இப்போது குதிக்கப் போகிறார் என்று அவன் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான்.

"ஆனா..." என்றார் ஆனாசார். "சிப்பி வேற எங்கேயோ கிடந்து, சேறு உள்ளே இறுகின பிறகு, வெள்ளம் வந்து புரட்டிப் போட்டிருந்தா?"

"பொந்துகளும் தலைகீழா இருக்கே சார்."

"ஆனா, புழு மேல்நோக்கித் தப்பிக்கிறதும் உண்டு. திடீர்னு சேறு மூடினா."

"எல்லாப் புழுவுமா? இவ்வளவு நீளத்துக்குமா?"

அவர் இன்னும் நாலு வழியில் மடக்கிப் பார்த்தார். தன் கட்சிக்கு வாதாடவில்லை என்பது அவளுக்குக் கொஞ்சம் கழித்துத்தான் உறைத்தது. அவள் புருஷன் என்னவெல்லாம் சொல்லியிருப்பானோ அதையெல்லாம் அவரே கேட்டு, அவரே தோற்றுக்கொண்டிருந்தார். கடைசியில் கவிழ்த்துப் போட்ட ஒரு காலிப் பெட்டியின்மேல் உட்கார்ந்தார்.

"இந்த நாளுக்குத்தாம்மா நான் காத்துக்கிட்டிருந்தேன். வந்துடுச்சு. சண்டை போட ஆளைக் காணோம்."

கைக்குட்டையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. அவள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். எல்லோருக்கும் வருகிறது, தனக்கு மட்டும் வரவில்லையே என்று, பஸ்ஸுக்கு நிற்கிறவள் அடுத்த தடத்து வண்டிகளைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நினைவுக் கூட்டத்தன்று அரங்கம் நிறைந்திருந்தது. நாத்தனார் அனுப்பிவைத்த போட்டோதான், சிரிக்கிற போட்டோ, பெரிதாக்கி மாலை போட்டிருந்தது. பக்கத்தில் நின்றவனை வெட்டியிருந்தார்கள். அவள் மேடையேறி, உருளையின் படத்தைத் திரையில் போட்டு, ரயில் நிலையத்து அறிவிப்பு மாதிரி ஏற்ற இறக்கமில்லாமல் சொன்னாள். இந்த ஈடு தலைகீழாக வைக்கப்பட்டிருக்கிறது. இவை சான்றுகள். முதலில் கறுப்பு, பிறகு சாம்பல். சாம்பலின் வயது சரி, அதில் மாற்றமில்லை. கடல் இறந்ததற்குச் சாம்பல் காரணமில்லை. நன்றி.

பெயர் வைக்கிற அறிவிப்பை இயக்குநர் அப்படியே மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். வெளியே வரும்போது ஒருவர் அவள் கையைப் பிடித்து, "என்ன நெஞ்சுரம் அம்மா உங்களுக்கு!" என்றார். சூடு உறைக்காத கைக்கு நெருப்பைத் தொடத் துணிச்சல் எதற்கு என்று அவருக்கு யார் சொல்வது? "தேங்க்ஸ்" என்றாள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் யாரும் எதிர்பாராதது. "ஆனா, ஒரே ஒரு துளையை நம்பி அந்த மனுஷன் வாழ்நாள் வேலையைத் தள்ளவும் கூடாது, என் கட்சியைத் தூக்கிப் பிடிக்கவும் கூடாது" என்று எழுந்தார் ஆனாசார். பழைய துளையின் பக்கத்திலேயே புதுத் துளை போட வேண்டும், உருளை வெளியே வந்த கையோடு, துளை இடிவதற்கு முன்பே உள்ளே கருவி இறக்கி அளக்க வேண்டும் என்று இயக்குநரைத் துரத்தித் துரத்திச் சம்மதிக்க வைத்தார். அந்த வேலையை முன்னின்று நடத்த அவளையே போட்டார்கள். பல காலத்துக்குப் பிறகு கிடங்கை விட்டு வெளியே போகிற வேலை.

இடத்தைக் குறித்து மேஜையில் வரைபடம் விரித்திருந்த ஒரு மதியம், நாத்தனார் போன் செய்தாள். பஸ் ஏறிப் போனதிலிருந்து பேசவே இல்லை.

"அண்ணி, ஒண்ணு கேக்கணும்."

"கேளு."

"மலை வெடிச்சதுன்னு அண்ணன் சொன்னாரே, அதாவது நிஜந்தானா?"

"நிஜம். எப்போ வெடிச்சதுங்கறதும் நிஜம். அதை யாராலயும் அசைக்க முடியாது."

"அப்போ கடலைக் கொன்னது யாரு?"

"தெரியல."

"தெரியலைன்னு சொல்றதுக்கா இத்தனை பேர் இத்தனை வருஷம் படிச்சீங்க?"

அவளுக்குச் சிரிப்பு மாதிரி ஏதோ ஒன்று மூக்கு வரைக்கும் வந்தது. "உங்க அண்ணன் இருந்திருந்தா தெரியலைன்னு சொல்ல விடுவாரா? 'எவன் சொன்னான் தலைகீழ்னு? என் கண்ணு முன்னால எடுத்த கல்லு! நாலு சிப்பியைக் காட்டி என்னை மடக்கப் பாக்கறியா? வா, இன்னொரு துளை போடு, அதுலயும் இப்படியே இருந்தா என் பேரை மாத்தி வெச்சுக்கறேன்'னு மேஜையைக் குத்து குத்துன்னு குத்தி, டீயெல்லாம் கொட்டி..." சொல்லிக்கொண்டே போனவளுக்கு, தான் அவன் குரலிலேயே பேசுவது காதில் விழுந்தது. தொண்டையில் முள் சிக்கின மாதிரிப் பேச்சு நின்றது. கண்ணைத் தொட்டுப் பார்த்தாள், ஈரமில்லை. தொண்டை மட்டும் வலித்தது.

"அண்ணி? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன்."

"அப்போ போடுங்களேன் இன்னொரு துளை."

"போடத்தான் போறோம். மழை விடட்டும்."

"நானும் வரேன். வந்து பாக்கறேன்."

"என்னத்தைப் பாக்கப் போறே? சேறும் கல்லுந்தான். நாள் முழுக்க வெயில்ல நிக்கணும்."

"நிக்கறேன்" என்றாள் நாத்தனார்.

அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு, நல்ல செருப்பாகப் போட்டுக்கொண்டு வரச் சொன்னாள்.